கடிகாரம் யார் கையில்?

இந்தியருக்கு நேர உணர்வு கிடையாது என்பது இந்நாட்டு மேல்தட்டினர் சலிக்காமல் சொல்லி மகிழும் நகைச்சுவைகளில் ஒன்று. ‘இந்தியன் ஸ்டாண்டர்டு டைம்’ என்பதை ‘இந்தியன் ஸ்ட்ரெச்சபிள் டைம்’ என்று திரித்துச் சிரிப்பது கார்ப்பரேட் பயிற்சி வகுப்புகளின் வாடிக்கை. இந்தச் சிரிப்புக்கு மேலாண்மைப் பாடநூல்கள் கோட்பாட்டு அங்கி ஒன்றையும் அணிவித்திருக்கின்றன. அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்டு ஹால், காலத்தைக் கையாளும் முறையை வைத்து உலகப் பண்பாடுகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு வேளையில் ஒரு வேலை என்று அட்டவணைப்படி வாழ்வோர் ஒரு வகை. ஒரே வேளையில் பல வேலைகளில் ஈடுபட்டு, அட்டவணையைவிட மனித உறவைப் பெரிதாகக் கருதுவோர் மற்றொரு வகை. அவர் இரண்டையும் புரிந்துகொள்ளவே முயன்றார். முதலாளிகளின் வகுப்பறைக்கு வந்து சேர்ந்ததும் அந்தப் பிரிவினை மதிப்பெண் பட்டியலாக மாறிவிட்டது. ஜெர்மானியருக்கும் ஜப்பானியருக்கும் முழு மதிப்பெண், இந்தியருக்குத் தோல்வி.

தோல்வியடைந்தவருக்கு ஆசிரியர் விதிக்கும் தண்டனை கூடுதல் வேலை. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயணமூர்த்தி, இந்தியாவின் உழைப்புத் திறன் உலகிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்று என்று கூறி, இளைஞர்கள் வாரத்திற்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மானியரும் ஜப்பானியரும் அப்படித்தான் உழைத்தார்களாம். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்பிரமணியன் ஏலத்தொகையை 90 மணி நேரமாக உயர்த்தினார். சீனர்கள் 90 மணி நேரம் உழைப்பதால் அமெரிக்காவை வெல்வார்கள் என்று யாரோ சொன்னதே அவர் காட்டிய சான்று. இருவரும் பேசியது பண்பாட்டைப் பற்றி. இருவரும் கேட்டது உழைப்பாளியின் வாழ்நாளை.

வேறுபாடு உண்மை, இழிவு பொய்

காலத்தைப் பற்றிய கருத்துகள் மக்களுக்கு மக்கள் வேறுபடுகின்றன என்பதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. மேகநாத் சாஹா தலைமையில் 1952இல் அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, இந்தியாவில் சுமார் 30 நாட்காட்டிகள் புழக்கத்தில் இருப்பதைக் கண்டது. பிறையைப் பார்த்து மாதத்தைத் தொடங்குவோரும், சூரியனின் பெயர்ச்சியைக் கணக்கிட்டு ஆண்டைத் தொடங்குவோரும் ஒரே தெருவில் வாழும் நாடு இது. மழையைப் பார்த்து நாற்று நடும் விவசாயிக்கும், கடல் ஏற்றவற்றம் பார்த்து வலை வீசும் மீனவருக்கும் வேலைதான் நேரத்தை நிர்ணயிக்கிறது. கடிகாரம் வேலையை நிர்ணயிப்பதில்லை.

இது கீழை நாடுகளுக்கு மட்டும் உரிய இயல்பும் அல்ல. ஆங்கிலேய வரலாற்றாளர் ஈ.பி.தாம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, தொழிற்புரட்சிக்கு முந்தைய இங்கிலாந்தின் கைவினைஞர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று விவரிக்கிறது. திங்கட்கிழமையை ‘புனிதத் திங்கள்’ என்று அழைத்து அன்று வேலைக்கு முழுக்குப் போடுவதும், வாரக் கடைசியில் விடிய விடிய உழைத்து வேலையை முடிப்பதும் அவர்களது வழக்கம். அவர்களையும் அந்நாட்டு முதலாளிகள் சோம்பேறிகள் என்றுதான் ஏசினார்கள். அபராதம், ஆலைமணி, மேற்பார்வையாளர், பள்ளிக்கூடம், மதபோதனை என அத்தனையையும் ஏவி, தலைமுறைகள் கடந்துதான் அவர்களைக் கடிகாரத்திற்குப் பழக்கினார்கள். இன்று ‘மேலை நாட்டு நேர ஒழுக்கம்’ என்று போற்றப்படுவது அந்த மக்களின் இரத்தத்தில் ஊறிய குணம் அல்ல. ஒரு வர்க்கம் மற்றொரு வர்க்கத்தின்மீது திணித்த ஒழுங்கு.

பம்பாய் ஆலைகளின் சாட்சியம்

நேர உணர்வு அற்றவர்கள் என்று ஏசப்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் தங்கள் முதல் கோரிக்கைகளாக எவற்றை முன்வைத்தார்கள் என்று பார்ப்பது பயனுள்ளது. 1884இல் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களைத் திரட்டிய நாராயண் மேகாஜி லோகண்டே, சுமார் 5,500 பேர் கையொப்பமிட்ட மனுவைத் தயாரித்தார். ஞாயிறு விடுமுறை வேண்டும், நண்பகலில் அரை மணி நேரம் ஓய்வு வேண்டும், காலை 6.30 முதல் சூரிய அஸ்தமனம் வரை மட்டுமே வேலை இருக்க வேண்டும். கூலி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கிடைக்க வேண்டும். வேலையில் காயமுற்றால் இழப்பீடு வேண்டும். ஐந்து கோரிக்கைகளில் நான்கு நேரத்தைப் பற்றியவை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பதையே 1890 வரை போராடித்தான் அவர்கள் பெற முடிந்தது.

1905 வாக்கில் பம்பாய் ஆலைகளுக்கு மின்விளக்கு வந்தது. அதுவரை இருட்டியதும் தறி நின்றாக வேண்டும் என்ற நிலை இருந்தது. முதலாளியின் பேராசைக்கு இயற்கை போட்டிருந்த வேலியே சூரிய அஸ்தமனம். மின்விளக்கு அந்த வேலியைப் பிடுங்கி எறிந்தது. வேலைநாள் 14, 15 மணி நேரம்வரை நீண்டது. இந்த நிலையில்தான் 1906 ஜனவரி முதல் நாள் இந்திய நிலை நேரம் அறிவிக்கப்பட்டது. பம்பாயின் உள்ளூர் நேரத்தைவிட அது 39 நிமிடம் முந்தியது. சூரியன் பழைய வேளையிலேயே உதித்தது; ஆலைச் சங்கு மட்டும் 39 நிமிடம் முன்னதாக ஊதியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தறியை நிறுத்தினார்கள்; ஆலைமீது கல்லெறிந்தார்கள். நகரத்தின் நடுத்தர வர்க்கமும் அந்நிய அரசு திணித்த நேரத்தை எதிர்த்து மனுக்களில் கையொப்பமிட்டது. பம்பாய் மாநகராட்சி பல பத்தாண்டுகள் பழைய நேரத்தையே விடாப்பிடியாகக் கடைப்பிடித்தது.

இரண்டே ஆண்டுகளில் அதே தொழிலாளர்கள் மற்றொரு கணக்கையும் போட்டுக் காட்டினார்கள். 1908 ஜூலையில் திலகருக்கு ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டபோது, ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்தியப் பாட்டாளி வர்க்கத்தின் அரசியல் விழிப்பின் அடையாளமாக லெனின் அதனை வரவேற்றார்.

இதே காலத்தில்தான் இந்தியத் தொழிற்சாலைத் தொழிலாளர் ஆணையம் தன் விசாரணையை நடத்தி 1908இல் அறிக்கை தந்தது. வயது வந்த ஆண் தொழிலாளியின் வேலை நேரத்திற்குச் சட்ட வரம்பு தேவையா என்பது கேள்வி. இந்தியத் தொழிலாளி தறியருகே தொடர்ந்து நிற்பதில்லை, அடிக்கடி வெளியே சென்று அலைகிறான், சுற்றித் திரிவது அவனது சுபாவம் என்ற வாதம் முன்வைக்கப்பட்டது. ஆகவே நீண்ட நேரம் அவனை ஆலைக்குள் வைத்திருப்பதில் பெருங்கொடுமை இல்லை என்பது முடிவாயிற்று. 15 மணி நேரம் ஒருவரை அடைத்து வைத்துவிட்டு, அவர் மூச்சுவிட வெளியே வருவதைச் சுபாவம் என்று எழுதிய அறிவை என்னவென்பது! ஆணையத்தின் பெரும்பான்மைக் கருத்தை ஏற்காமல், 12 மணி நேர வரம்பைக் கோரி மாற்றுக் குறிப்பு எழுதியவர் சென்னையின் டாக்டர் டி.எம்.நாயர். ஜவுளி ஆலைகளுக்கு அந்த வரம்பு 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது.

தட்பவெப்பத்தின் பெயரால்

1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச தொழிலாளர் மாநாடு தன் முதல் உடன்படிக்கையாக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்ற நெறியை ஏற்றது. ரஷ்யப் புரட்சி வெற்றிபெற்ற சில நாட்களிலேயே எட்டு மணி நேர வேலைநாள் அங்கு ஆணையாக வெளியானதும், ஐரோப்பா முழுவதும் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்ததும் இதன் பின்னணி. ஆனால் அந்த உடன்படிக்கையின் 10ஆவது பிரிவு பிரிட்டிஷ் இந்தியாவைத் தனியே பிரித்து, வாரத்திற்கு 60 மணி நேரம் என்றது. சீனம், பாரசீகம், சயாம் ஆகியவற்றிற்கு அந்த வரம்புகூட இல்லை. தட்பவெப்பமும் தொழில் வளர்ச்சிக் குறைவும் தனிச் சூழ்நிலைகளும் உள்ள நாடுகளுக்கு விலக்கு அளிக்கலாம் என்று வெர்சாய் ஒப்பந்தத்திலேயே வழிவகுக்கப்பட்டிருந்தது. வெயில் கூடிய நாட்டில் வேலை நேரம் குறைய வேண்டும் என்றுதான் சாதாரண அறிவு சொல்லும். ஏகாதிபத்தியத்தின் அறிவு அதை 12 மணி நேரம் கூட்டியது.

அந்த 12 மணி நேரத்தை வெட்டிக் குறைக்க இந்தியத் தொழிலாளி வர்க்கத்திற்கு 27 ஆண்டுகள் ஆயின. 1922இல் வாரம் 60 மணி நேரம், 1934இல் 54, வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர் கொண்டுவந்த 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் 48. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் அதனை உறுதி செய்தது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பின்னால் வேலைநிறுத்தங்களும் தடியடியும் சிறையும் இருக்கின்றன.

ஜெர்மனி, ஜப்பான், சீனம்: உண்மை நிலை

தொழிலதிபர்கள் எடுத்துக்காட்டும் நாடுகளின் கதையும் அவர்கள் சொல்வதுபோல் இல்லை. ஜெர்மனியில் எட்டு மணி நேர வேலைநாள் 1918 நவம்பர் புரட்சியின் விளைவு. 1984இல் அந்நாட்டு உலோகத் தொழிலாளர்கள் 35 மணி நேர வாரத்திற்காக ஏழு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்று ஜெர்மானியத் தொழிலாளி ஆண்டுக்குச் சராசரியாக உழைப்பது சுமார் 1,340 மணி நேரம். ஓஇசிடி நாடுகளில் மிகக் குறைந்த அளவு அதுவே. நாராயணமூர்த்தியின் 70 மணி நேர வாரத்தை ஆண்டுக்கு 48 வாரம் என்று கொண்டு பெருக்கினால் 3,360 மணி நேரம் வருகிறது. நேர ஒழுக்கத்தின் தாயகம் என்று காட்டப்படும் நாட்டின் அளவைப்போல இரண்டரை மடங்கு.

ஜப்பானில் மிகை உழைப்பால் நேரும் மரணத்தைக் குறிக்க ‘கரோஷி’ என்று ஒரு சொல்லே உருவாகிவிட்டது. அதைத் தடுக்க 2014இல் ஒரு சட்டமும், கூடுதல் நேர வேலையை மாதத்திற்கு 45 மணி, ஆண்டுக்கு 360 மணி என்று வரையறுக்க 2018இல் ஒரு சட்டமும் தேவைப்பட்டன. சீனத் தொழில்நுட்ப நிறுவனங்களின் ‘996’ முறை, அதாவது காலை 9 முதல் இரவு 9 வரை வாரத்தில் 6 நாள் வேலை என்பது, சட்டவிரோதமானது என்று அந்நாட்டு உச்ச மக்கள் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. பிற நாடுகள் சட்டம் போட்டுத் தடுக்கும் கொடுமையை இந்திய முதலாளிகள் தேசபக்தியாக இறக்குமதி செய்கிறார்கள்.

உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் இணைந்து 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நீண்ட வேலை நேரத்தால் விளைந்த பக்கவாதமும் இதய நோயும் 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 7,45,000 உயிர்களைப் பறித்தன. வாரத்திற்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்தோர் அவர்கள். இந்தியாவிலோ, சர்வதேச தொழிலாளர் அமைப்பின் தரவுப்படி, உழைப்போரில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஏற்கெனவே வாரத்திற்கு 49 மணி நேரமும் அதற்கு மேலும் உழைக்கிறார்கள். சோம்பேறிகள் என்று யாரைச் சொல்கிறார்கள்?

வேதக் கடிகாரமும் நீண்ட நிழலும்

கார்ப்பரேட் கூட்டம் இந்தியரின் காலத்தைக் குறைபாடு என்கிறது. இந்துத்துவக் கூட்டம் அதையே பெருமை என்கிறது. மேலை நாட்டினரின் காலம் நேர்கோடு, பாரதத்தின் காலம் சக்கரம் என்று அது முழங்குகிறது. 2024 பிப்ரவரி 29 அன்று பிரதமர் மோடி உஜ்ஜயினியில் ‘வேதக் கடிகாரம்’ ஒன்றைத் திறந்து வைத்தார். ஒரு சூரிய உதயம் முதல் அடுத்த உதயம் வரை 30 முகூர்த்தங்களை அது காட்டுகிறது. முகூர்த்தமும் நாழிகையும் இந்திய வானியலின் மதிப்புமிக்க மரபு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கடிகாரம் நிறுவப்பட்ட மத்தியப் பிரதேசம், 2020 ஊரடங்கின்போது தொழிற்சாலை வேலை நேரத்தை 12 மணி நேரமாக நீட்டிய மாநிலங்களில் ஒன்று என்பதையும் மறக்கலாகாது. கோபுரத்தில் முகூர்த்தம், ஆலைக்குள் 12 மணி நேரம்.

பழைமையின் பொற்காலத்தில் காலம் அனைவருக்கும் பொதுவாகவும் இருக்கவில்லை. பேஷ்வாக்களின் ஆட்சியில் மகர், மாங் சாதியினர் பிற்பகல் 3 மணிக்குப் பிறகும் காலை 9 மணிக்கு முன்பும் புனே நகர வாயிலுக்குள் நுழைய அனுமதிக்கப்படவில்லை என்று சமூகவியலாளர் ஜி.எஸ்.குர்யே பதிவு செய்துள்ளார். அந்த வேளைகளில் மனித நிழல் நீளும். அது மேல்சாதியார்மீது பட்டுவிடலாம். சூரியனின் சாய்வைக்கூடச் சாதியின் காவலாளாக மாற்றிய பண்பாடு அது. 1945இல் தானே மாவட்டத்தின் வார்லி பழங்குடி மக்கள், கோதாவரி பருலேகர் உள்ளிட்ட செங்கொடித் தலைவர்களின் வழிகாட்டலில் வெட்டி உழைப்பை மறுத்து எழுந்தபோது, நிலப்பிரபுவின் வயலுக்கு முன்பாகத் தன் வயலில் நாற்று நடும் உரிமை அவர்களுக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பருவமழை காத்திருப்பதில்லை, யாருடைய வயல் முதலில் என்பதே அங்கு வாழ்வா சாவா என்ற கேள்வி.

ஆகவே, முதலாளித்துவக் கடிகாரத்திற்கு மாற்றாக ‘அவசரமற்ற கீழை நாட்டு வாழ்வு’ ஒன்றைக் கற்பனை செய்து கொண்டாடும் சில நல்லெண்ணச் சிந்தனையாளர்களும் வழி தவறுகிறார்கள். பண்ணையாளின் நாளுக்கு அட்டவணை கிடையாது என்பது உண்மை. ஓய்வும் கிடையாது என்பது அதைவிடப் பெரிய உண்மை.

கணக்கில் வராத மணிகள்

வீட்டில் என்ன செய்கிறீர்கள், எவ்வளவு நேரம் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று எல் அண்ட் டி தலைவர் கேட்டதில் ஒரு வர்க்கத்தின் திமிருடன் ஆணாதிக்கத்தின் திமிரும் கலந்திருந்தது. 2024ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாகக் காட்டுகிறது. ஆண் தொழிலாளி 90 மணி நேரம் உழைக்க வேண்டுமானால், அவருக்குச் சோறாக்கி, துணி துவைத்து, குழந்தையையும் முதியவரையும் பார்த்துக்கொள்ள ஒரு பெண் கூலியின்றி உழைத்தாக வேண்டும். பெண்ணே 90 மணி நேரம் உழைக்க வேண்டுமானால், அவருக்கு ஒரு நாளில் மணிகளே மிஞ்சாது. இந்த உபதேசத்தைச் செய்தவரின் ஆண்டு ஊதியம் 2023-24இல் அவரது நிறுவன ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப்போல 500 மடங்குக்கும் மேல் இருந்தது.

நேர உணர்வு அற்றவர் எனப்படும் அதே இந்திய இளைஞர்தான் கால் சென்டரில் நியூயார்க்கின் பகலுக்காகத் தன் இரவை விற்கிறார். அவர் பேசும் ஒவ்வோர் அழைப்பும் நொடிக்கணக்கில் அளக்கப்படுகிறது. பத்து நிமிடத்தில் மளிகை கொண்டுவரும் டெலிவரி தொழிலாளிக்குத் தாமதம் என்றால் வருமானம் குறைகிறது. அடுத்த ஆர்டருக்காகச் சாலையோரம் அவர் காத்திருக்கும் நேரத்திற்கோ கூலியே இல்லை.

அரசின் கடிகாரமும் ஒருபக்கமாகவே ஓடுகிறது. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் கைபேசிச் செயலி வழியாக நாளுக்கு இருமுறை புகைப்பட வருகைப்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. தொழிலாளி ஒரு வேளை தவறினால் கூலி போச்சு. 15 நாளுக்குள் கூலி தர வேண்டிய அரசு தவறினால்? சட்டப்படி இழப்பீடு நாளுக்கு 0.05 சதவீதம், 300 ரூபாய்க் கூலிக்கு 15 பைசா. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே நீக்கிவிட்டுக் கொண்டுவரப்பட்ட புதிய சட்டம், விவசாயப் பருவத்தின் உச்சத்தில் ஆண்டுக்கு 60 நாள்வரை வேலை வழங்கலை நிறுத்திவைக்க வழிசெய்கிறது. கூலி உயர்வைக் கேட்டுப் பெற ஏற்ற நாட்கள் எவையோ, அந்த நாட்களே தொழிலாளியிடமிருந்து பறிக்கப்படுகின்றன.

சட்டத்திலிருந்து நழுவும் வரம்பு

பண்பாட்டுப் பேச்சு இப்போது சட்டமாகிவருகிறது. கொரோனாக் காலத்தில் உரிய மிகைநேர ஊதியமின்றி 12 மணி நேர வேலைக்கு வழிவகுத்த குஜராத் அரசின் அறிவிக்கையை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எனினும் கர்நாடகம் 2023இலும் குஜராத் 2025இலும் 12 மணி நேர வேலைநாளுக்குச் சட்டத் திருத்தம் செய்தன. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் நிறைவேற்றப்பட்ட அதுபோன்ற மசோதா, தொழிற்சங்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் எழுப்பிய எதிர்ப்பால் அந்த ஆண்டு மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

2025 ஜூலை 9 அன்று நாடு தழுவிய பொது வேலைநிறுத்தம் நடந்தும், அதே ஆண்டு நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மோடி அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எட்டு மணி நேரம் என்ற சொல் தொகுப்பில் இருக்கிறது. ஆனால் பழைய தொழிற்சாலைகள் சட்டம், மிகைநேர வேலைக்குக் காலாண்டுக்கு இத்தனை மணி என்று தன்னிலேயே வரம்பு கட்டியிருந்தது. புதிய தொகுப்பு அந்த வரம்பை அரசாங்கம் வகுக்கும் விதிகளிடம் ஒப்படைத்துவிட்டது. நாடாளுமன்றத்தில் விவாதித்து மாற்ற வேண்டியதை இனி ஓர் அறிவிக்கை மாற்றிவிடும். தொழிலாளியின் ஒப்புதல் வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன பாதுகாப்பைத் தரும்? மறுத்தால் நாளை வேலை இல்லை என்று அறிந்தவரின் ஒப்புதல் ஒப்புதலாகுமா?

வேலைநாளின் நீளம் வர்க்கங்களின் பலத்தால் தீர்மானிக்கப்படுகிறது என்பதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் விரிவாக நிறுவியிருக்கிறார். அவர் விவரித்த இங்கிலாந்து முதலாளிகள் உணவு இடைவேளையிலிருந்து சில நிமிடங்களைத் திருடினார்கள். இன்றைய முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமையை முழுதாகவே கேட்கிறார்கள். திருட்டுக்கு அன்று பெயர் திருட்டாகவே இருந்தது. இன்று அதற்குத் தேசக் கட்டுமானம் என்று பெயர்.

மாநில அரசுகள் இந்தச் சட்டத் தொகுப்புகளின்கீழ் வகுக்கும் விதிகளில் 12 மணி நேர வேலைநாளுக்கு இடம் தரக்கூடாது. மிகைநேர வரம்பு சட்டத்திலேயே மீண்டும் எழுதப்பட வேண்டும். செயலி வழித் தொழிலாளரின் காத்திருப்பு நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். தாமதமாகும் கூலிக்கு அரசு உண்மையான இழப்பீடு தர வேண்டும். ஆலை வாயிலிலும் ஐ.டி. வளாகத்திலும் டெலிவரி கிடங்கிலும் வேலைத்தளத்திலும் இந்தக் கோரிக்கைகளைச் சுற்றி உழைக்கும் மக்கள் திரள வேண்டும். லோகண்டேயின் மனுவில் கையொப்பமிட்ட 5,500 பேரில் பலரிடம் கைக்கடிகாரம் இருந்திருக்காது. தங்கள் நேரம் தங்களுடையது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.